கடன் வாங்கித் தீயணைப்பு வண்டி வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

மாசி பிறந்துவிட்டால் படப்பு (வைக்கோல் போர்), கரும்புத் தோட்டம், கீற்றுக் கொட்டகை என்று தீ பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தீயணைப்பு வண்டியைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், கிராமப்பக்கம் குடியிருக்கிறாள். பழைய தீயணைப்பு வண்டிகளை மாற்றுவதற்குக் கடன் வாங்கலாமா என்று அங்கே மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்துகிறார்களாம். எங்கள் ஊருக்கு மேலூரிலிருந்து வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது. நாங்களும் கிராம சபையில் ஓட்டெடுத்து, கடன் வாங்கி, ஊருக்கென்று ஒரு வண்டி வாங்க முடியுமா?
— வாசகர், மேலூர் வட்டம்

பதில்: முடியாது. தீயணைப்பு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே அங்கும் இங்கும் வேறு வேறு.

அங்கே கிராமப்புறங்களில் ‘தீயணைப்பு மாவட்டம்’ என்று தனியாக ஓர் உள்ளாட்சி உண்டு. நம் பாசன சங்கம் போல ஒரே வேலைக்காக அமைந்தது. ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் இருக்கிறது, தேர்தலில் நின்று வந்த ஆணையர்கள் இருக்கிறார்கள். வண்டிகளை மாற்றப் பெருந்தொகை வேண்டுமென்றால் கடன் பத்திரம் வெளியிடுவார்கள். அசலையும் வட்டியையும் அந்தப் பகுதி வீடு, நிலங்களின் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து அடைப்பார்கள். வரி ஏறுகிறது என்பதால்தான் மக்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் பதிவான ஓட்டில் 60 சதவீதம் ஆதரவாக விழ வேண்டும். அதோடு, முந்தைய பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் எண்ணிக்கையில் 40 சதவீத அளவுக்காவது ஓட்டுகள் பதிவாகியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் சரி என்று ஓட்டுப் போட்டும் தீர்மானம் தோற்றுப்போவது அங்கே நடக்கிற காரியம்தான்.

இங்கே நிலைமை வேறு. ஊராட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 29 இனங்களை அடுக்கும் அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் தீயணைப்பு இல்லை. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் 7-வது இனமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவும் நகராட்சி கையில் இல்லை. 1985-ம் ஆண்டு தீயணைப்புப் பணிச் சட்டத்தின்கீழ் மாநிலத் துறைதான் எல்லா இடத்துக்கும் வண்டி அனுப்புகிறது. மேலூர் நிலையத்தின் வண்டியும் ஓட்டுநரும் டீசலும் மாநில அரசின் செலவு. அந்த வண்டியை மாற்றுவது உங்கள் கிராம சபை முடிவு செய்யும் விஷயமே அல்ல.

கடன் விஷயத்துக்கு வருவோம். உள்ளாட்சிகள் கடன் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1914-ம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம் இன்றும் இருக்கிறது. அரசின் முன் அனுமதி பெற்று, சொந்த நிதியை ஈடாகக் காட்டி வாங்கலாம். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை மாநகராட்சி 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தச் சாலையில் சுங்கம் வசூலாகும் என்பது கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கை. அடுத்த ஆண்டு 13 உள்ளாட்சிகளின் குடிநீர், சாக்கடைப் பணிகளுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு கூட்டு நிதியம் 30.41 கோடி திரட்டியது. அங்கே குடிநீர்க் கட்டணம் வரும். தீயணைப்பு வண்டியில் என்ன வரும்? தீ பிடித்தவனிடம் கட்டணம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. வரவு இல்லாத பொருளுக்குக் கடன் என்றால் அது முழுக்க வீட்டு வரியின் தலையில்தான் விழும்.

எவ்வளவு விழும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 60 லட்சம், வட்டி 9 சதவீதம், தவணை 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம் (விலை கணக்குக்காக மட்டும்). மாதத் தவணை சுமார் 76,000 ரூபாய், ஆண்டுக்கு 9 லட்சத்து 12 ஆயிரம். ஊரில் 1,500 வீடு இருந்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 608 ரூபாய். இப்போது கட்டும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது வண்டிக்கு மட்டும். ஒரு வண்டியில் ஓட்டுநர், நிலைய அலுவலர் உட்பட ஆறு பேராவது ஏற வேண்டும். இரவு பகல் என்று இரண்டு அணி, வார ஓய்வு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் 14, 15 பேருக்குச் சம்பளம். தவணையைவிடச் சம்பளம்தான் ஊராட்சியை முழுக்கிவிடும்.

அந்த அமெரிக்க ஓட்டுச்சீட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு பணம், எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டில் அடைப்பது என்பதைச் சீட்டிலேயே அச்சடித்துக் கேட்கிறார்கள். நம் கிராம சபைத் தீர்மானங்களில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்றுதான் இருக்கும். அதைப் படிக்கிற அலுவலருக்கு ஆவன எது என்று தெரியாது. தீர்மானம் எழுதும் விதத்தைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் ஆட்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். பணம் சேர்த்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கடன் இல்லை, வரி இல்லை. அப்போதாவது சரியா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: நல்ல மனசு. ஆனால் அந்தப் பணத்தை அந்த வண்டியில் போடாதீர்கள்.

ஏலத்துக்கு வரும் தீயணைப்பு வண்டியில் பெரும்பாலும் பம்புதான் முதலில் போயிருக்கும். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், கிளாண்டில் ஒழுகும், குழாயிலிருந்து காற்றை எடுக்கும் பிரைமர் காற்றை இழுக்காது. தொட்டியின் அடித்தகடு உள்ளிருந்து துரு அரித்திருக்கும், பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. ஓட்டிப் பார்த்தால் வண்டி நன்றாகத்தான் ஓடும், பம்பை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒரு முறைகூட இயக்காமல் ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி, தேவைப்படும் அன்றைக்கு பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

அதே பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செய்யக்கூடியது டிராக்டர் டேங்கர். 4,000 அல்லது 5,000 லிட்டர் டேங்கர் டிரெய்லர் ஒன்று ஊரில் ஏற்கெனவே இருக்கும். கல்யாண வீட்டுக்கும் கட்டட வேலைக்கும் தண்ணீர் அடிக்கிற அதே டேங்கர்தான். அதில் மூன்று மாற்றம் செய்யுங்கள்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்ளே தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பாதித் தண்ணீரோடு வளைவில் திரும்பும்போது நீர் ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லரைக் கவிழ்த்துவிடும். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் ஆபத்து. அவசரத்தில் ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடியில் இருக்கும் வால்வில் 63 மி.மீ. இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங் (திருகாமல் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் இணைப்பு) பொருத்துங்கள். தீயணைப்புத் துறையின் ஹோஸ்களில் இருப்பது இதுதான். வண்டியில் தண்ணீர் தீர்ந்ததும் உங்கள் டேங்கரை நேராகக் கோத்துவிடலாம். விவசாய ஹோஸில் போடும் கிளாம்ப் இதில் பொருந்தாது. கம்பியால் கட்டிய இணைப்பு அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, பெட்ரோல் அல்லது டீசல் என்ஜின் பம்பு ஒன்று. கரண்ட் மோட்டாரை நம்ப வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

இதைத் தீயணைப்பு வண்டி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், சிவப்புப் பெயின்டும் சைரனும் வேண்டாம். இது தண்ணீர் கொண்டுபோகும் வண்டி. படப்பும் புல்லும் எரிந்தால் முதல் இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும். கேஸ் சிலிண்டர், டிரான்ஸ்ஃபார்மர், பஞ்சு மில், பட்டாசு இருக்கிற இடத்துக்கு இதைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: போன வருடம் எங்கள் தெருவில் தீப்பிடித்தபோது வண்டி வந்தது. பத்து நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நிரப்பிவரப் போன வண்டி திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. இதற்குப் புது வண்டி கேட்கக் கூடாதா?
— வாசகி, திருமங்கலம் அருகே

பதில்: புது வண்டி வந்தாலும் பத்து நிமிடத்தில்தான் தீரும். பலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

நம் பக்கத்து நிலையங்களில் பெரும்பாலும் பார்க்கும் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நாசில் (ஹோஸின் முனை) வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகும் என்பதற்குத் தீயணைப்பு வீரர்கள் மனத்தில் வைத்திருக்கும் வாய்ப்பாடு எளிது: நாசிலின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அழுத்தத்தின் வர்க்கமூலத்தாலும் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். 20 மி.மீ. நாசில், 4 பார் அழுத்தம் என்றால் நிமிடத்துக்கு 533 லிட்டர். 4,500 லிட்டர் எட்டரை நிமிடத்தில் காலி. இரண்டு ஹோஸ் பிடித்தால் நாலேகால் நிமிடம். 12.5 மி.மீ. நாசிலுக்கு மாற்றினால் 208 லிட்டர்தான் போகும், தண்ணீர் இருபத்தொரு நிமிடம் வரும், ஆனால் பெரிய தீக்கு அது எட்டாது. யாரும் தண்ணீரை வீணடிக்கவில்லை. தொட்டியின் அளவே அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி, நிரப்புவது எங்கே என்பது. முக்கால் மணி நேரம் தொலைந்தது அங்கேதான்.

கிணறு இருக்கிறதே என்பார்கள். பம்பு தண்ணீரை ‘இழுப்பதில்லை’. குழாயில் இருக்கும் காற்றை அது எடுத்துவிடுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அதிகபட்சம் 10 மீட்டருக்குச் சற்று மேல். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது இருபத்து மூன்று அடி. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பாறையில் வெட்டிய அறுபதடிக் கிணற்றில் கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். உலகத்தின் எந்த ஊர்த் தீயணைப்பு வண்டி வந்து நின்றாலும் மேலிருந்து அதை உறிஞ்ச முடியாது. கிணற்று மோட்டாரைப் போட்டால் ஆகாதா? தீ பிடித்ததும் மின்வாரிய ஆட்கள் முதலில் செய்வது அந்தப் பகுதிக் கரண்டை நிறுத்துவது. செய்ய வேண்டியதும் அதுதான். அப்போது ஊரிலுள்ள எந்த மோட்டாரும் ஓடாது. ஓடினாலும் நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் போர்வெல், ஒரு வண்டியை நிரப்ப 22 நிமிடம் எடுக்கும்.

கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் அது நல்ல வழி. அங்கும் மூன்று இடத்தில் கெட்டுப்போகிறது. கரை வரை வண்டி போக முடியாது, வேலிக்கருவை அடைத்திருக்கும் அல்லது ஈரமண்ணில் சக்கரம் புதையும். சக்‌ஷன் ஹோஸின் வடிகட்டி முழுகுவதற்கு இரண்டடி ஆழமாவது வேண்டும். ஆழம் இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, ஆகாயத்தாமரையும் நெகிழிப் பையும் வடிகட்டியைச் சுற்றிக்கொள்ளும். படித்துறைக்குப் பக்கத்தில் நாலு மீட்டர் அகலத்தில் சரளை கொட்டி இறுக்கி, தண்ணீருக்கு ஏழு மீட்டருக்குள் வண்டி நிற்கும்படி ஒரு மேடை போட்டுவிட்டால் முதல் சிக்கல் தீரும். இது ஊராட்சி செய்யக்கூடிய வேலை. நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித் துறை) கண்மாய் என்றால் மட்டும் அவர்கள் அனுமதி வேண்டும்.

ஆனால் தீ அதிகம் பிடிப்பது மாசி முதல் வைகாசி வரை, கண்மாய் வெடித்துக் கிடக்கும் காலத்தில். அதனால் எங்கள் முதல் சிபாரிசு மேல்நிலைத் தொட்டிதான். 30,000 லிட்டர் தொட்டி என்றால் அதில் ஆறேழு வண்டித் தண்ணீர் நிற்கிறது, கரண்ட் வேண்டாம், தானே இறங்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், 63 மி.மீ. குறையாத ஒரு கிளைக் குழாய், ஒரு கேட் வால்வு, முனையில் அதே இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங், அதற்கு ஒரு மூடி. தொட்டி பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் நடைமுறையில் ஏழெட்டு நிமிடத்தில் வண்டி நிரம்பிவிடும். கிளைக் குழாயை ஒன்றரை அங்குலத்தில் போட்டு மிச்சம் பிடித்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த மிச்சம் வேண்டாம்.

இதில் கெடுவது என்ன? வால்வை யாரும் திறக்காமல் இரண்டு வருடத்தில் இறுகிப்போவது. வால்வைச் சுற்றிக் குப்பை சேர்வது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவி தொட்டி இயக்குபவரிடம் இருக்க, அவர் வெளியூர் போயிருப்பது. மாதம் முதல் தேதி வால்வைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து மூட வேண்டும். கப்ளிங்கின் ரப்பர் வாஷரைக் கிள்ளிப் பார்த்து, கடினமாகியிருந்தால் மாற்ற வேண்டும், சில ரூபாய் பொருள். சாவி இரண்டு, ஒன்று பக்கத்து டீக்கடையில். இரவில் தொட்டியைக் காலியாக விட்டுவிட்டுக் காலையில் ஏற்றும் பழக்கம் ஊரில் இருந்தால், கோடையில் மாலையே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து நிலைய வண்டிக்கு 15 வயது ஆகிவிட்டது, இனி ஓடக் கூடாது என்கிறார்கள். நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதி. அரசுக்குச் சொந்தமான வாகனம் 15 ஆண்டைத் தாண்டினால் பதிவு புதுப்பிக்கப்படாது, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பயன்படும் சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. தீயணைப்பு அந்த வரியில் இல்லை.

நன்றாக ஓடுகிறது என்பது பாதி உண்மைதான். தீயணைப்பு வண்டி கிலோமீட்டரில் கிழடாவதில்லை. நின்றபடியே என்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பம்பு அடித்த மணிகளில்தான் கிழடாகிறது. கி.மீ. மீட்டர் 60,000 காட்டும், என்ஜின் அதற்குப் பல மடங்கு உழைத்திருக்கும். நாலரை டன் தண்ணீரை இரவும் பகலும் சுமந்து நிற்பதால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்துவிடும், டயர் கட்டை குறையாமலே பக்கவாட்டில் வெடிக்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் வழிகாட்டியும் 15 ஆண்டுக்கு மேலான வண்டியை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கையிருப்பில் வைக்கத்தான் சொல்கிறது, உடைக்கச் சொல்லவில்லை. அந்தக் கையிருப்பு என்ற நடுப்படி நம் விதியில் இல்லாதது குறைதான் என்பது எங்கள் எண்ணம்.

மாற்று வண்டிக்குப் பணம் வரும் வழி மாநில பட்ஜெட். கூடவே 15-வது நிதிக்குழு பரிந்துரைப்படி மத்திய அரசு 5,000 கோடி ஒதுக்கித் தீயணைப்பு நவீனமயத் திட்டத்தை 2023-ல் தொடங்கியது. அதில் நம்மைப் போன்ற மாநிலங்கள் செலவில் 25 சதவீதம் போட வேண்டும். உங்கள் நிலையத்துக்குப் புது வண்டி ஒதுக்கப்பட்டதா என்று கேட்கும்போது இரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சரி, கிராம சபையில் என்னதான் தீர்மானம் போடுவது? போட்டால் யார் மதிக்கிறார்கள்?
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: எண் இருந்தால் மதிக்க வேண்டிவரும். முதலில் எண்ணைச் சேகரியுங்கள். கிராம சபைக்கு இரண்டு மாதம் முன்பே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டில் உங்கள் ஊராட்சியிலிருந்தும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்தும் வந்த அழைப்புகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், நிலையத்தில் உள்ள வண்டிகளின் பதிவு ஆண்டு, அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலியிடம். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம், பதிவேட்டில் இருப்பதைக் கேட்டால் முடியாது.

ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசின் நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழு, கிராமப்புறத்தில் 50 சதுர கி.மீ.க்கு ஒரு நிலையம், அழைத்த 20 நிமிடத்துக்குள் வண்டி என்று பரிந்துரைத்திருக்கிறது. இது பரிந்துரைதான், சட்டம் அல்ல. ஆனாலும் உங்கள் ஊர் 38 நிமிடம் என்றால் அதைப் பக்கத்தில் வைத்து எழுதலாம்.

கிராம சபை நாட்கள் இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம், தொட்டி வால்வுத் தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். வருகை எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கையெழுத்து வேண்டும். வேலைநாளில் ஆண்கள் வரமாட்டார்கள், மகளிர் குழுக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எண்ணிக்கை நிற்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை கூடும், தீர்மானமும் செல்லும்.

தீர்மானத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, ஊராட்சி தானே செய்வது. ‘இவ்வூராட்சியின் இரண்டு மேல்நிலைத் தொட்டிகளிலும் 63 மி.மீ. தீயணைப்பு நிரப்புக் குழாய், வால்வு, கப்ளிங் பொருத்த, மதிப்பீடு இவ்வளவு ரூபாய், ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, இந்தத் தேதிக்குள்’ என்று எழுதுங்கள். இரண்டாவது, அரசிடம் கேட்பது. அதில் அழைப்பு எண்ணிக்கை, சராசரி நிமிடம், நிலையத்துக்குத் தூரம், சுற்றியுள்ள ஊராட்சிகளின் பெயர் இருக்க வேண்டும். ஐந்தாறு ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் போட்டால் எடை கூடும். கூட்டம் முடிவதற்குள் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். ‘பிறகு எழுதிக்கொள்கிறோம்’ என்றால் வாசகம் மாறிவிடும், எண் காணாமல் போய்விடும். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது நிலையம் கேட்பதாக இருந்தால் இடத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். இங்கேதான் பல மனுக்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. கண்மாய், ஊரணி, ஓடைப் புறம்போக்கைக் காட்டாதீர்கள். நீர்நிலை நிலம் கட்டடத்துக்குக் கிடைக்காது, 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் குறுக்கே நிற்கும். மேய்ச்சல் புறம்போக்கும் இழுபறிதான். தரிசுப் புறம்போக்காக, மெயின் ரோட்டை ஒட்டி, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் இடம் ஒன்றை கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு கேட்டு வாங்கி, அ-பதிவேடு, புலப்பட நகலோடு கொடுங்கள்.

கேள்வி: வைக்கோல் ஏற்றிய லாரி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தால் கண்மாய்க்குள் ஓட்டிக்கொண்டு போகலாமா?
— வாசகர், சோழவந்தான்

பதில்: ஓட ஓடக் காற்றுப் பட்டுத் தீ பெரிதாகும், எரிகிற வைக்கோல் வழியெல்லாம் சிந்தும். வீடு இல்லாத திறந்த இடம் நூறு இருநூறு மீட்டருக்குள் இருந்தால் மட்டும் மெதுவாக அங்கே கொண்டுபோகலாம். கம்பி இன்னும் லாரியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓட்டுநர் இறங்கக் கூடாது. தீயால் இறங்கியே ஆக வேண்டுமென்றால், ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருக்காதபடி, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் அரக்கி அரக்கி விலக வேண்டும். கரண்ட் நின்றது உறுதியாகும்வரை தண்ணீர் அடிக்கக் கூடாது. அடித்த பிறகும் வைக்கோல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், மேல் நனைந்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஜேசிபி வைத்துக் கலைத்துப் பரப்பி நனைக்க வேண்டும். படப்புக்கும் இதே முறைதான்.

கேள்வி: 101 அடிப்பதா, 112 அடிப்பதா?
— வாசகி, பேரையூர்

பதில்: இரண்டும் வேலை செய்யும். நிலையத்தின் நேரடி எண்ணையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். எண்ணைவிட முக்கியம் சொல்லும் விதம். மதுரைப் பக்கம் புதுப்பட்டிகளுக்கும் நடுப்பட்டிகளுக்கும் பஞ்சமில்லை. ஊர்ப் பெயரோடு வட்டம், எந்த மெயின் ரோட்டில் எந்த விலக்கு, எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்கிறார்களா, இதுதான் வரிசை. எதிர்முனையில் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். அடுத்த நிமிடமே ஒருவர் டார்ச்சோடு விலக்கில் போய் நிற்க வேண்டும், இன்னொருவர் தொட்டிச் சாவியோடு. பதினாறு டன் வண்டி தப்பான சந்துக்குள் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்கவே பத்து நிமிடம் போய்விடும். திருவிழாவுக்குப் போட்ட பந்தல் கால், தொங்கும் கேபிள், சந்து முனையில் நிறுத்திய டிராக்டர் இவற்றை அந்த நேரத்தில் எடுக்க ஆள் வையுங்கள். தெருவில் நாலு மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாமல் இருக்கிறதா என்று ஊர்க்காரர்களே பார்த்து வைக்கலாம். மின்கம்பியின் உயரத்தை மட்டும் நீங்கள் குச்சி வைத்து அளக்கப் போகாதீர்கள், அதற்கு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.